பத்தியம் எந்தத் தேதியில் முடிகிறது? நார்ச்சத்தின் அளவு குறித்துச் சில எண்ணங்கள்

நாளொன்றுக்கு எத்தனை கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும்? உணவு ஆலோசனைக்கு வருவோர் அண்மைக் காலமாக எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எண்ணளவில் விடை எளியது. பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள எவருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 6 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 21 கிராம், 2 முதல் 5 வயது வரை 15 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை 2000 கலோரி உண்பவருக்கு ஏறத்தாழ 30 கிராம். பிரிட்டனில் 2015 முதல் 30 கிராம் என்பதே அளவு. அமெரிக்காவில் பெண்களுக்கு 25 கிராமும் ஆண்களுக்கு 38 கிராமும் சொல்லப்படுகின்றன. நாட்டுக்கு நாடு எண் சற்றே மாறினாலும், வளர்ந்தவர் ஒருவர் 25 முதல் 30 கிராம் வரை உண்பது நலம் என்று வைத்துக்கொள்வதில் பிழை நேராது.

ஆனால் இந்த எண்ணைச் சொல்லி முடித்துவிட்டால் எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. இந்த எண்ணிலிருந்து மிகவும் விலகி நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களுள் பலர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள். அன்போடும் கவலையோடும் அவர்களைக் காக்கும் குடும்பத்தாரே அவர்கள் தட்டிலிருந்து நாரை நீக்கிவிடுகின்றனர். சில நாட்களுக்கென்று தொடங்கிய பத்தியம் மாதக்கணக்கில் நீள்கிறது. இதைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறோம்.

முதலில் நார்ச்சத்து என்பது என்ன என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். தாவர உணவில் நம் சிறுகுடலால் செரிக்க இயலாமல் பெருங்குடல் வரை சென்று சேரும் பகுதியே நார்ச்சத்து. தமிழில் இதற்குச் 'சக்கை' என்றொரு பழைய சொல் உண்டு. சாறு எடுத்தபின் எஞ்சும் வீண்பொருள் என்ற பொருளிலேயே அதை வழங்கி வருகிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியது. உகாண்டாவில் பல்லாண்டுகள் பணிபுரிந்த அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், கிராமத்து ஆப்பிரிக்கரிடம் அரிதாகவும் மேலைநாட்டாரிடம் மிகுதியாகவும் காணப்பட்ட குடல் நோய்களை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு நார் குறைந்த உணவு ஒரு காரணமாகலாம் என்று 1970களில் வாதிட்டார். அதன் பின்னரே சக்கைக்கு மதிப்பு வந்தது. நாரின் ஒரு பகுதி நீரை ஈர்த்து மலத்தை இளக்குகிறது. மற்றொரு பகுதியைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து ப்யூட்டிரேட் முதலான கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மையான உணவு. ஓட்ஸ், பருப்பு, வெந்தயம் போன்றவற்றில் உள்ள கரையும் நார் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது, கெட்ட கொழுப்பையும் ஓரளவு தணிக்கிறது. 2019இல் லான்செட் இதழில் வெளியான பெரிய தொகுப்பாய்வு, நார் மிகக் குறைவாக உண்போரைவிட மிகுதியாக உண்போரிடம் இதய நோய், பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவையும் இறப்பும் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்ததைக் காட்டியது. நன்மை மிகத் தெளிவாகத் தென்பட்ட அளவு நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுப் பட்டியலை வைத்துக்கொண்டு, நம் ஊர்களில் நலமாக உள்ள ஒருவரின் ஒருநாள் உணவை எடைபோட்டுப் பார்க்கலாம். காலையில் நான்கு இட்லி. அதில் ஏறத்தாழ 80 கிராம் அரிசியும் 20 கிராம் உளுந்தும் இருக்கும். நார் 5 கிராம். தேங்காய்ச் சட்னியில் 2 கிராம். நண்பகல் 125 கிராம் அரிசிச் சோறு, சாம்பாரில் 20 கிராம் துவரம் பருப்பு, சாம்பாரிலும் பொரியலிலுமாக 100 கிராம் காய் என்று கொண்டால் எட்டிலிருந்து ஒன்பது கிராம். இரவு மூன்று தோசை, நான்கைந்து கிராம். ஆக மொத்தம் 20 கிராம் அளவில் வந்து நிற்கிறது. பரிந்துரைக்கு ஐந்திலிருந்து பத்து கிராம் குறைவு. குறைதான், ஆனால் எளிதில் நிரப்பிவிடக்கூடிய குறை.

இப்போது அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரமாகியும் 'பார்த்துப் பக்குவமாக' உண்டுவரும் ஒருவரின் நாளைப் பாருங்கள். காலையில் பாலில் நனைத்த வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு. முற்பகலில் வடிகட்டிய சாத்துக்குடிச் சாறு. நண்பகல் குழைய வடித்த சோற்றில் தெளிவாக இறுத்த ரசம். மாலையில் காபியோடு நான்கு பிஸ்கட். இரவு தயிர்ச் சோறு. கூட்டிப் பார்த்தால் ஆறு, மிஞ்சினால் ஏழு கிராம் நார். இது நாங்கள் கற்பனையாகக் கட்டிய கொடுமையான உதாரணம் அன்று. மறுபரிசோதனைக்கு வருவோர் உணவை விவரிக்கும்போது சிறு மாற்றங்களோடு இதே பட்டியலைத்தான் கேட்கிறோம். அதே நோயாளி மலச்சிக்கல் என்று மலமிளக்கி கேட்பார். அவருக்கு நீரிழிவும் இருந்தால், 'பத்திய உணவுதானே உண்கிறேன், சர்க்கரை ஏன் ஏறுகிறது?' என்று வருந்துவார். ரொட்டியும் குழைந்த சோறும் பழச்சாறும் எத்தனை விரைவாகச் சர்க்கரையாகின்றன என்பதை அவரிடம் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது எங்கிருந்து வருகிறது? டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரிகளுள் ஒன்றிலிருந்து வருகிறது என்பது எங்கள் எண்ணம். மாத்திரைகளுக்கு எத்தனை நாள் என்று அச்சீட்டில் தெளிவாக எழுதப்படுகிறது. தையல் பிரிக்க எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதும் இருக்கும். உணவுக்கு மட்டும் 'மென்மையான உணவு' என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுவது பல இடங்களில் வழக்கம். எதுவரை என்ற குறிப்பு இராது. தேதியில்லாத கட்டளையைக் குடும்பம் தன் அச்சத்துக்கேற்ப நீட்டித்துக்கொள்கிறது. ஒரு தாய் தன் மகனுக்கோ ஒரு மருமகள் தன் மாமனாருக்கோ மீண்டும் சுண்டல் தரத் துணிய வேண்டுமானால், அதற்கு அனுமதி அளித்த ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும்.

பத்தியம் என்ற கருத்தையே நாங்கள் பழிக்கவில்லை. சித்த மருத்துவ மரபில் பத்தியத்துக்கு நாள்கணக்கு உண்டு. மருந்துண்ணும் நாட்கள், அதன்பின் மறுபத்திய நாட்கள் என்று எண்ணியே கடைப்பிடிப்பர். அந்த எண்ணிக்கையோடு அது நிறைவுறும். முடிவில்லாத பத்தியத்தை மரபின் கணக்கில் எழுத இயலாது.

இன்னொரு குழப்பமும் இதில் கலந்திருக்கிறது. மென்மையான உணவும் நார் குறைந்த உணவும் ஒன்றே என்று பலர் கருதுகின்றனர். இரண்டும் வேறு வேறு. பல் இல்லாதவர், விழுங்குவதில் தளர்ச்சி உள்ளவர், பசி குன்றியவர் ஆகியோருக்கு உணவு மெல்லவும் விழுங்கவும் எளிதாக இருக்க வேண்டும். அதுவே மென்மை. அதற்காக நாரை நீக்க வேண்டியதில்லை. அரைத்தாலோ மசித்தாலோ நார் போய்விடாது. வடிகட்டினால்தான் போகும். கீரைக் கடைசல், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, மசித்த பரங்கிக்காய், கனிந்த பப்பாளி, கேழ்வரகுக் கஞ்சி ஆகிய அனைத்தும் மென்மையானவை, நாரும் உடையவை. கைக்குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து பாலெடுத்துக் காய்ச்சும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குழந்தைக்கு அது சரி. அதே வடிகட்டிய பாலை எழுபது வயதுப் பாட்டிக்கும் காய்ச்சிக் கொடுத்தால், கேழ்வரகில் அவருக்கு மிகவும் தேவையான பகுதி துணியில் தங்கிவிடுகிறது.

மேலே சொன்ன ஆறு கிராம் நோயாளியின் நாளையே மென்மை குறையாமல் திருத்திப் பார்க்கலாம். காலையில் 40 கிராம் கேழ்வரகு மாவில் வடிகட்டாத கஞ்சி. நண்பகல் குழைந்த சோற்றோடு 30 கிராம் பாசிப்பருப்பும் ஒரு சிறு கிண்ணம் கீரைக் கடைசலும். மாலையில் பிஸ்கட்டுக்கு மாற்றாக 150 கிராம் கனிந்த பப்பாளி. இரவு இரண்டு இட்லி, காய் மசிந்த சாம்பார். நார் 20 கிராமை எட்டிவிடுகிறது. பல்லுக்கு வேலையே இல்லை.

உண்மையாகவே நாரைக் குறைக்க வேண்டிய நிலைகள் உண்டு, அவற்றை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. குடலில் அறுவை சிகிச்சை நடந்தபின் சில வாரங்கள், சிறுகுடல் முனையை வயிற்றுச் சுவரில் திறந்து பை பொருத்தியோருக்குத் தொடக்கத்தில் ஆறு முதல் எட்டு வாரங்கள், கொலோனோஸ்கோபி பரிசோதனைக்கு முந்தைய ஓரிரு நாட்கள், குடல் அழற்சி நோய் சீறி எழும் காலம் ஆகியவற்றில் நார் குறைந்த உணவே பாதுகாப்பானது. இவை யாவும் காலவரையறை உடையவை. குடலில் சுருக்கம் உள்ளோருக்கும், நீரிழிவினால் இரைப்பை மெதுவாகக் காலியாகும் நிலையில் உள்ளோருக்கும் கட்டுப்பாடு நெடுநாள் நீடிக்கலாம். அவர்களுக்கு 25 கிராம் என்ற எண் பொருந்தாது. நாரும் தோலும் விதையும் மிகுந்த உணவு அவர்களுக்கு அடைப்பை உண்டாக்கக்கூடும். இந்த வகையில் உள்ளவர் எவரும் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தம் உணவை மாற்ற வேண்டா. வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியாமல் இருந்தால் அது நார்ச்சத்துக் குறைவு அன்று, உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டிய அறிகுறி. மலத்தில் இரத்தம் கண்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், சுண்டலையும் கீரையையும் கூட்டிப் பார்த்துக் காலம் கடத்தாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மூட்டு மாற்று, இதய பைபாஸ், கண்புரை, எலும்பு முறிவு, காய்ச்சல், நிமோனியா என்று வந்து திரும்பியவர்களின் குடலில் எந்தப் புண்ணும் இல்லை. பசி திரும்பியதும் அவர்கள் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம், திரும்பவும் வேண்டும். படுக்கையில் அசைவின்றிக் கிடப்பதே மலச்சிக்கலுக்கு ஒரு காரணம். அதோடு நார் குறைந்த உணவும் சேர்ந்தால் முக்குதல் மிகும், மூலம் வரும். இதய அறுவை சிகிச்சை முடிந்தவர் கழிவறையில் மூச்சடக்கி முக்குவதை எந்த மருத்துவரும் விரும்பமாட்டார்.

மகப்பேற்றுக்குப் பிந்தைய பத்தியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பழம் சளி, கீரை வயிற்றுப்போக்கு, பயறு வாயு என்று ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி, பூண்டுக் குழம்பும் சோறும் ரொட்டியுமாக நாற்பது நாட்கள் கழியும் வீடுகளை நாங்கள் நன்கறிவோம். அவளோ இரும்புச்சத்து மாத்திரை உண்கிறாள். அது பலருக்கு மலத்தை இறுக்கும். கீழே தையல் இருக்கிறது, அல்லது வயிற்றில் இருக்கிறது. பாலூட்டுவதால் நீரும் மிகுதியாகத் தேவை. மலம் கழிக்கவே அஞ்சும் அந்தப் பெண்ணுக்குப் பழமும் கீரையும் பருப்பும் தருவதனால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. பாட்டிமார் இதில் எங்களோடு முரண்படுவர். பூண்டை அவர்கள் விருப்பப்படியே வைத்துக்கொள்ளட்டும். அதனோடு ஒரு கீரையும் ஒரு பழமும் சேர்க்க இசைந்தால் எங்களுக்குப் போதும்.

நாரை எங்கிருந்து கூட்டுவது என்பதில் எங்களுக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. வீடுகளில் நடக்கும் வாதமெல்லாம் அரிசியைச் சுற்றியே நடக்கிறது. வெள்ளை அரிசியா, கைக்குத்தல் அரிசியா, சிறுதானியமா? 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் ஏறத்தாழ 3 கிராம், புழுங்கலரிசியில் அதற்குச் சற்று மேல், தீட்டாத அரிசியில் நான்கரை. நாளெல்லாம் 200 கிராம் அரிசி உண்பவர் அரிசியை மாற்றினால் கிடைக்கும் கூடுதல் நார் 3 கிராம். அதற்காக அறுபதாண்டுப் பழக்கத்தோடு ஒரு முதியவரைப் போராட வைப்பதில் பயனில்லை. சோற்றை விட்டுவிட்டுச் சோற்றோடு வருவதைக் கவனியுங்கள். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 7 கிராம் நார். அதே அளவு முழுப் பாசிப்பயறில் 5 கிராம். நடுத்தரமான ஒரு கொய்யாவில் ஏறத்தாழ 8 கிராம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இவற்றுள் ஏதேனும் ஒன்றை நாள்தோறும் சேர்த்தாலே, நலமாக இருப்பவரின் 20 கிராம் 25ஐத் தாண்டிவிடுகிறது. இரவு தோசைக்கு மாற்றாக முழுக்கோதுமை மாவில் மூன்று சப்பாத்தி உண்டால் மேலும் நான்கு கிராம் கிடைக்கும். மைதாவில் செய்த பரோட்டாவுக்கு இக்கணக்கு பொருந்தாது. மைதாவில் உள்ள நார் தீட்டிய அரிசியின் அளவே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 11 கிராம் நார் இருப்பது உண்மை. ஆனால் சாமை, வரகு, தினை என்று பொட்டலத்தில் விற்பவை வெண்மையாகப் பளபளத்தால், அவையும் அரிசியைப் போலவே தவிடு நீங்கத் தீட்டப்பட்டவை என்று அறிக.

'நார்ச்சத்து மிக்கது' என்று அச்சிட்ட பிஸ்கட்டைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு விதிகளின்படி 100 கிராம் திடப் பொருளில் 6 கிராம் நார் இருந்தால் அவ்வாறு அச்சிடலாம். நாம் உண்பது 100 கிராம் அன்று. நான்கு பிஸ்கட் 30 கிராம் எடை என்று கொண்டால் கிடைக்கும் நார் இரண்டு கிராமுக்கும் குறைவு. அதனோடு சர்க்கரையும் கொழுப்பும் மைதாவும் சேர்ந்தே வருகின்றன. நோயாளியைப் பார்க்க வருவோர் இத்தகைய பொட்டலங்களை நலம் கருதியே வாங்கி வருகின்றனர். அடுத்த முறை இரண்டு கொய்யா வாங்கி வரச் சொல்லுங்கள். செலவும் குறையும்.

இசப்கோல் தூளின் மேல் எங்களுக்குப் பகையில்லை. ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் நார் உண்டு. மலத்தை இளக்கவும் கொழுப்பைக் குறைக்கவும் உதவுவதற்குச் சான்றும் உண்டு. உணவால் மட்டும் இயலாதபோது மருத்துவர் அதைத் தருவது சரியே. ஆனால் ஒரு குவளை நிறைய நீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். குறைந்த நீரில் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ களியாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் இடர் உள்ளவருக்குத் தரவே கூடாது. தைராய்டு மாத்திரை உள்ளிட்ட பிற மருந்துகளின் உறிஞ்சுதலையும் அது குறைக்கும் என்பதால், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூக்குக் குழாய் வழியே உணவு பெறுவோருக்கு இசப்கோலையோ திப்பியுள்ள கஞ்சியையோ ஊற்றினால் குழாய் அடைபடும்.

எந்த வழியில் கூட்டினாலும் மெல்லக் கூட்டுங்கள். ஏழு கிராம் உண்டு பழகிய குடலுக்கு ஒரே நாளில் முப்பது கிராம் தந்தால் வயிறு உப்பும், வாயு மிகும், வலிக்கும். 'பார்த்தீர்களா, பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை' என்று குடும்பம் மீண்டும் ரசச் சோற்றுக்கே திரும்பிவிடும். பருப்பின் மேல் குற்றமில்லை, வேகத்தில்தான் குற்றம். வாரத்துக்கு ஐந்து கிராம் என்ற அளவில் கூட்டினால் குடல் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். பயறுகளை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் வாயு குறையும். நாரைக் கூட்டும்போது நீரும் கூட வேண்டும். இல்லையேல் மலம் மேலும் இறுகும்.

இந்தக் கடைசி வரியே சிலருக்குத் தடையாகிறது. இதயச் செயலிழப்பினாலோ சிறுநீரகச் செயலிழப்பினாலோ நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் எங்களைக் கேளாமல் நாரை மிகுதியாகக் கூட்ட வேண்டா. சிறுநீரக நோயாளிகளுள் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்துள்ளோருக்குக் கீரையும் பயறும் பழமும் எந்த அளவில் தரலாம் என்பதைத் தனித்தனியே கணக்கிட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் நார் தேவைதான், வழி மட்டும் வேறு. இதய வால்வு மாற்றி வார்ஃபரின் உண்போர் கீரையைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்டால் அதற்கேற்ப மருந்தின் அளவை அமைக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்வோர் உணவை மாற்றும் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளட்டும். பழைய உணவுக்கென்று அமைத்த மருந்தளவு புதிய உணவுக்கு மிகுதியாகக்கூடும்.

புற்றுநோய் வலிக்காக மார்ஃபின், டிரமடால் போன்ற மருந்துகள் உண்போரைப் பார்த்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள். அம்மருந்துகளால் வரும் மலச்சிக்கல் குடலின் அசைவே குன்றுவதால் வருவது. அங்கு நாரையும் இசப்கோலையும் கூட்டினால் அசையாத குடலில் சுமை ஏறுமே அன்றி நகராது. மருத்துவர் வலி மருந்தோடு எழுதித் தரும் மலமிளக்கியை நாள் தவறாமல் கொடுங்கள். 'இயற்கையாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அதை நிறுத்திவிட்டு நோயாளியைத் துன்புறவிடாதீர்கள்.

குழந்தைகளைப் பொறுத்தவரை எங்கள் கவலை இருபுறமும் உண்டு. பாலும் பிஸ்கட்டுமே உண்ணும் நான்கு வயதுக் குழந்தையின் மலச்சிக்கலுக்கு உணவைத் திருத்துவதே முதல் மருந்து. ஆயினும் எடை குறைந்த குழந்தைக்குப் பெரியவர்களின் அளவில் நாரைத் திணித்தால், சிறு வயிறு விரைவில் நிறைந்து தேவையான கலோரி கிடைக்காமல் போகும்.

வாசகர்களிடம் நாங்கள் கேட்பவை இரண்டு. வீடு திரும்பும் நாளில் கையில் தரப்படும் சீட்டில் உணவைப் பற்றிய வரியைப் படித்துப் பாருங்கள். 'மென்மையான உணவு' என்றோ 'நார் குறைந்த உணவு' என்றோ இருந்தால், எது என்பதையும் எந்தத் தேதி வரை என்பதையும் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெடுநாள் நீடிக்க வேண்டிய கட்டுப்பாடு என்றால், மீண்டும் மதிப்பிடும் நாளையாவது குறித்துத் தருவார்கள். பக்கத்தில் நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள் என்று கூச்சப்பட வேண்டா. மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நாங்கள் வைக்கும் கோரிக்கையும் இதுவே: மாத்திரைக்கு எழுதுவதைப் போல உணவுக்கும் நாள் எழுதுங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ரசச் சோற்றில் இருப்பவர்கள், அடுத்த மறுபரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்களில் உண்டதையும் குடித்ததையும், இரவு நேரத்துப் பாலும் பிஸ்கட்டும் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். அளவைக் கிண்ணத்திலும் கரண்டியிலும் எழுதினாலே போதும், கிராமாக மாற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உண்ணும் மருந்துகளின் சீட்டும் உடன் இருக்கட்டும்.